கை வைத்தால் கடிக்க வேண்டும்

லாசரோ சக்கி, லாரியின் காலிப் பெட்டிக்குள் ஏறி, குனிந்து, தரையில் உள்ளங்கையை வைத்தான். வைத்த வேகத்திலேயே எடுத்தான். ரொட்டி சுடும் கல் மாதிரி கொதித்தது தரை.

"கடிக்கலீங்க," என்றான்.

கீழே, பின்கதவு நிழலில் நின்று மாங்காயை மிளகாய்ப்பொடியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான் உபால்தோ. மெக்ஸிகோக்காரன். அந்த லாரியை ஓட்டுகிறவன். "கடிக்கிறதுக்கு அது என்ன நாயா பங்காளி? தகரம். வெயில்ல நின்னா சுடத்தான் செய்யும்."

"என் பெட்டியும் தகரந்தாங்க ஐயா. இதே வெயில்லதான் நிக்குது. வந்து கை வச்சுப் பாருங்க."

லாசரோ ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டு மலைக்காரன். நாயை விரட்டினாலும் "கொஞ்சம் நகருங்க" என்றுதான் விரட்டுவான். கோபம் வந்தால் அந்த மரியாதை இன்னும் கூடும். எல்லையில் இதை வைத்து அவனைக் கிண்டல் பண்ணாத டிரைவர் கிடையாது. அன்று காலையிலிருந்து அவன் மரியாதை கூடிக்கொண்டே போனதை உபால்தோ கவனித்திருந்தால் மாங்காயைக் கீழே வைத்திருப்பான்.

இரண்டு லாரிகளும் சின்ன இடைவெளி விட்டு முதுகுக்கு முதுகு காட்டி நின்றன. மலைக்காரன் லாரி ஆற்றைத் தாண்டி இந்த எல்லை ஊர் வரைக்கும் வரலாம், அதற்கு மேல் ஒரு சக்கரம்கூட உருளக் கூடாது. சட்டம். ஆகவே மலையில் ஏற்றிய முழு லோடையும் இந்த யார்டில் பெட்டி பெட்டியாகத் தூக்கி அடுத்த லாரிக்கு மாற்ற வேண்டும். பாலத்துக்கு அடியில் லாரி டியூபைக் கட்டி மிதக்கவிட்ட பலகைகளில் பீரும் சோப்பும் மனிதர்களும் முத்திரை இல்லாமல், கேள்வி இல்லாமல் நாள் முழுக்கப் போய் வந்துகொண்டிருந்தார்கள். பாலத்துக்கு மேலே வருகிறவனுக்குத்தான் அத்தனை சட்டமும்.

அந்த யார்டில் ஒரு வழக்கம் இருந்தது. லோடு மாறுவதற்கு முன்னால் கொடுக்கிற டிரைவரும் வாங்குகிற டிரைவரும் வாங்குகிற பெட்டிக்குள் ஏறி, தரையில் ஆளுக்கொரு கை வைப்பார்கள். குளிர் கையைக் கடிக்க வேண்டும். "கடிக்குதா?" என்று ஒருவன் கேட்க, "கடிக்குது" என்று மற்றவன் சொன்னால்தான் சுமை ஆட்கள் முதல் பெட்டியைத் தொடுவார்கள். யாரும் எழுதி வைத்த விதி அல்ல. ஆனால் அது இருந்த வரைக்கும் எந்தக் காயும் வழியில் அழுகியதில்லை. போன வருஷம் காயை வாங்குகிற கம்பெனி தன் எல்லா லாரியிலும் ஒரு கருவியை மாட்டி, இனி கை வைக்கிற கூத்தெல்லாம் வேண்டாம், குளிரை வடக்கே மான்டெர்ரே ஆபீஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டது. பிறகுதான் காய் அழுகத் தொடங்கியது.

லாசரோ பெட்டியிலிருந்து குதித்து இறங்கினான். அவன் லாரி நிறைய இருந்தது தட்டைப் பட்டாணி. தோலோடு சாப்பிடுகிற, கிள்ளினால் சடக்கென்று முறிகிற காய். அவன் ஊரான சுயிபாக்கில் நாற்பது குடும்பங்கள் விளைவித்தது. அதைத் தரம் பிரித்து, துடைத்து, பெட்டியில் அடுக்குகிற கொட்டகை அவன் அக்கா பெத்ரோனாவின் பொறுப்பு.

போன லோடு மான்டெர்ரே போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் சாக்கடை நாற்றம் அடித்ததாம். ஈரக் காயை அடுக்கியிருக்கிறார்கள், மலைக்காரர்களுக்குச் சுத்தம் தெரியாது என்று கம்பெனி சொன்னது. முழு லோடையும் கொட்டிவிட்டார்கள். அடுத்த பறிப்பை வாங்க மாட்டோம் என்றார்கள். நாற்பது குடும்பமும் அந்தப் பறிப்பை மாட்டுக்குப் போட்டது. மாடுகூட ஒரு நாளுக்கு மேல் தின்னவில்லை.

ஊர்க் கோபம் பெத்ரோனா மேல் விழுந்தது. ஒவ்வொரு காயையும் முந்தானையில் துடைத்து அடுக்குகிறவள் அவள். வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவள் பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை. ஒருநாள் காலையில் வீட்டுக் கதவைத் திறந்தால், கதவு முழுக்க அழுகின பட்டாணியை அரைத்துப் பூசியிருந்தது. அவள் அழவில்லை. கழுவவும் இல்லை. காய்ந்து கறுத்துப் போய் இன்னும் அந்தக் கதவில் அப்படியே இருக்கிறது.

கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வாய்ப்பு வாங்கினாள். ஒரே ஒரு லோடு. இதுவும் அழுகினால் சுயிபாக் பட்டாணி இனி வேண்டாம் என்று கம்பெனி தெளிவாகச் சொல்லிவிட்டது. விடியலில் லாரி கிளம்பும்போது, சோளத் தோலில் கட்டிய கொழுக்கட்டைப் பொட்டலத்தைத் தம்பி கையில் கொடுத்து, "லாசரோ, உள்ள இருக்கறது பட்டாணி இல்ல. என் மானம். பாத்துக் கொண்டு போ," என்றாள்.

அந்த மானத்தைத்தான் இந்த அடுப்புக்குள் ஏற்றச் சொல்கிறார்கள்.

"உபால்தோ ஐயா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. குளிர் மோட்டாருக்குக் குடுத்த டீசலை எங்க வித்தீங்க?"

மாங்காய் உபால்தோவின் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. "என்ன சொன்ன?"

"போன லோடு டீசலையும் நீங்கதான் வித்திருப்பீங்க. எங்க ஊர்ல சின்னக் குழந்தைக்கும் தெரியும். மெக்ஸிகோக்காரங்க எங்க குளிரை வித்துத் தின்னுட்டாங்கன்னு."

உபால்தோ தடித்த மனிதன், சிரித்த முகம். அந்த முகம் கறுத்தது. மாங்காயைத் தரையில் அடித்தான்.

"என்னைத் திருடன்னு சொல்றியா? இருபது வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிறேன்டா நான். உங்க ஊர்ல அப்படிச் சொல்றாங்களா? எங்க யார்டுல என்ன சொல்றாங்க தெரியுமா? மலைக்காரனுங்க காயில தண்ணி ஊத்தி எடை ஏத்துறானுங்கன்னு சொல்றாங்க. நானும் நம்பினேன். நாலு பேர்கிட்ட நானே சொல்லியும் இருக்கேன்."

"எங்க அக்கா தண்ணி ஊத்தறதில்லீங்க."

"நான் டீசல் விக்கறதில்ல. வா இங்க. வாடான்னா!"

கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனான். பெட்டியின் முன்பக்கம், குளிர் மோட்டாருக்குக் கீழே, சின்ன மூடியைத் திறந்தான். பச்சைப் பொத்தான். கட்டைவிரலால் அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. ஆத்திரத்தில் முஷ்டியால் குத்தினான். ஒரு சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டியது.

"பாத்தியா? இதை நான் ஓட்டவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. எல்லாம் மான்டெர்ரேலருந்து. அவங்க போட்டா ஓடும், அவங்க அணைச்சா நிக்கும். போன லோடு ஏத்தின அன்னைக்கு ஓடுச்சு. எல்லையைத் தாண்டி நாலு ஊர் போறதுக்குள்ள அணைச்சுட்டாங்க. போன் பண்ணினேன், சிஸ்டம் கோளாறுன்னாங்க. மூணு நாள் கோளாறு. மான்டெர்ரேக்குள்ள நுழையறப்ப தானா ஓட ஆரம்பிச்சுது. கதவைத் திறக்கறவன் மூஞ்சில குளிர் காத்து அடிக்கணும்ல, அதுக்கு."

"எதுக்கு அணைக்கிறாங்க?"

"டீசல் மிச்சம் பண்ணத்தான், வேற எதுக்கு? எத்தனை லாரி ஓடுது, கணக்குப் போட்டுக்கோ. காய் தப்பிச்சா லாபம், தப்பிக்கலைன்னா மலைக்காரன் தலையில கட்டு."

"இதை நீங்க யாருகிட்டயும் சொல்லலியா ஐயா?"

"சொன்னேன். இன்ஜினியர்கிட்ட. லாரி சாவியை வச்சுட்டு வீட்டுக்குப் போறியான்னு கேட்டாரு." உபால்தோ காறித் துப்பினான். "எனக்கும் வீட்டுல அஞ்சு வயிறு இருக்கு பங்காளி. பொத்திக்கிட்டேன்."

இத்தனை நாளாக நாற்பது குடும்பமும் எரிச்சலைக் கொட்டியது இந்தத் தடியன் மேல், பெத்ரோனா மேல், மழை மேல், சாமி மேல். ஒருவன் அங்கே குளுகுளு அறையில் உட்கார்ந்து விரலால் பொத்தானை அணைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறோம் என்று நினைத்தான் லாசரோ.

அப்போதுதான் இன்ஜினியர் அரிஸ்மெந்தி வந்தார். யார்டுக்குக் கம்பெனியின் பொறுப்பாளர். வெள்ளைக் காரிலிருந்து இறங்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே, "ஏன் இன்னும் ஏத்தல?" என்றார். காரின் ஏசி காற்று ஒரு கணம் அவரோடு வெளியே வந்து செத்தது.

"மோட்டார் ஓடல இன்ஜினியரே," என்றான் உபால்தோ.

"சிஸ்டம் கோளாறு. சாயங்காலம் சரியாயிடும். நீ ஏத்து, ராத்திரிக்குள்ள அவங்க போட்டுடுவாங்க."

"மன்னிக்கணும் இன்ஜினியரே," என்றான் லாசரோ. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "இந்தச் சூட்டுல ஏத்தினா ராத்திரிக்குள்ள காய் வெந்துடும். குளிர் வரட்டும், நான் காத்திருக்கேன்."

"எவ்வளவு நேரம் காத்திருப்ப? உன் மோட்டாருக்கு டீசல் இருக்கா?"

அதிகம் இல்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது. லாசரோவின் மோட்டார் காலையிலிருந்து ஓடி ஓடித் தன் சின்ன டேங்கைக் குடித்துக்கொண்டிருந்தது.

"இங்க பாருப்பா," என்றார் இன்ஜினியர், பிள்ளைக்குப் புத்தி சொல்கிற குரலில். "இப்ப ஏத்தினா மான்டெர்ரேக்குப் போகுது. ஏத்தலைன்னா சுயிபாக்காரங்க சரக்குக் குடுக்கலைன்னு நான் எழுதிடுவேன். மலையில வேற ஊர் இல்லையா? பட்டாணி உங்க ஊர்ல மட்டுந்தான் முளைக்குதா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இதுதான் லாசரோவுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பொறுத்திருப்பான். நல்லதுக்காம். பூசின கதவைக் கண்ணால் பார்க்காத மனிதன், தலையில் மிளகாயை அரைத்துவிட்டு எண்ணெய் தேய்த்துவிட்டதாகச் சொல்கிறான்.

"சரிங்க இன்ஜினியரே," என்றான். குரல் தேன் மாதிரி வந்தது. "ஏத்திடலாம். ஒரே ஒரு சிரமம் குடுக்கணும். பெட்டித் தரையில, முன்பக்கக் கோடியில, தகரம் பிளந்திருக்கு. ஏத்தினதுக்கப்புறம் எங்க மேல பழி வரக் கூடாது பாருங்க. நீங்களே ஒருதரம் கண்ணால பாத்துட்டா நல்லது."

உபால்தோ வாயைத் திறந்தான். அவன் லாரியில் பிளவு எதுவும் கிடையாது. லாசரோவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். தன் லாரியைக் கதவு திறந்து மூடுகிற அளவுக்கு முன்னால் நகர்த்திக் கொடுத்தான்.

இன்ஜினியர் சலித்துக்கொண்டே ஏறினார். செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்தபடி உள்ளே நடந்தார். முன்பக்கம் போய்க் குனிந்தார்.

லாசரோ கதவை மூடினான். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். இரும்புத் தண்டை இறக்கிக் கொக்கியில் மாட்டினான். சுமை ஆட்கள் பீடித்துண்டை உதட்டிலேயே மறந்துவிட்டுப் பார்த்தார்கள்.

"யோவ், பைத்தியமா உனக்கு?" என்றான் உபால்தோ.

உள்ளேயிருந்து கதவில் இடி விழுந்தது. கதவின் மேல் மூலையில் காற்றுக்காக ஒரு சின்னத் திறப்பு உண்டு. அது வழியாகக் குரல் வந்தது. "டேய்! கதவைத் திற! என்னடா விளையாட்டு!"

"திறந்துடறேன் இன்ஜினியரே, மன்னிச்சுக்கணும்," என்றான் லாசரோ, தொப்பி இன்னும் கையில். "தரையில கை வச்சு, எப்பக் கடிக்குதுன்னு சொல்லுங்க. சொன்ன உடனே திறந்துடறேன்."

"இங்க சுடுதுடா! மூச்சு முட்டுது! போன்ல சிக்னல் எடுக்க மாட்டேங்குது!"

"ஆமாங்க. பட்டாணிக்கும் அப்படித்தான் இருக்கும்."

கொஞ்ச நேரம் கெட்ட வார்த்தை வந்தது. பிறகு இடி. பிறகு வேறு குரல், பயந்த குரல்: "உபால்தோ! மான்டெர்ரேக்குப் போன் போடு! மோட்டாரைப் போடச் சொல்லு! உடனே போடச் சொல்லு!"

யார்டில் ஒருத்தரும் அசையவில்லை. சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. சிஸ்டம் கோளாறு என்று சொன்ன அதே வாய்.

உபால்தோ தன் போனை எடுத்தான். காலையிலிருந்து ஐந்தாறு முறை கூப்பிட்ட அதே எண். அதே பெண் எடுத்தாள். எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தான்.

"அண்ணா, நான்தான் சொன்னேனே, சிஸ்டம் கோளாறு, சாயங்காலம்..."

"தங்கச்சி, இன்ஜினியர் அரிஸ்மெந்தி பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டாரு. கதவு இறுகிப்போச்சு. உள்ள அடுப்பா இருக்கு."

"யாரு?"

"நம்ம இன்ஜினியர்மா!"

"ஐயோ கடவுளே!"

அவள் ஐயோ சொல்லி முடிப்பதற்குள் பெட்டியின் முன்பக்கத்தில் ஏதோ செருமியது. ஒரு குலுக்கல். கறுப்புப் புகை ஒரு கொத்து. பிறகு மோட்டார் சீராக உறுமத் தொடங்கியது. சிவப்பு விளக்கு பச்சையாகிவிட்டது.

சுமை ஆள் ஒருவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை, அவனும் நிறுத்திக்கொண்டான். லாசரோ அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. இவ்வளவுதானா? இவ்வளவு சுலபமா? நாற்பது குடும்பத்தின் விளைச்சல் மூன்று நாள் அதே பெட்டிக்குள் வெந்து செத்தது. அப்போது இதே பொத்தான் அங்கேதானே இருந்தது, இதே பெண்ணின் விரலுக்குப் பக்கத்தில்!

"திரும்ப அணைச்சுடுவாங்க," என்றான் மெல்ல. "இவரு வெளிய வந்ததும் அணைச்சுடுவாங்க."

"அணைப்பாங்களா?" என்றான் உபால்தோ. இருக்கைக்கு அடியிலிருந்து கொறடை எடுத்து, மோட்டாரின் தோளில் ஏறி, மேலே முளைத்திருந்த குட்டி ஆன்டெனாவின் ஒயரைக் கத்தரித்தான். மோட்டார் பாட்டுக்கு ஓடியது. "இப்ப அணைக்கச் சொல்லு பாப்போம். இது இனிமே என் கையில. என் வேலை போனா போகட்டும், இருபது வருஷத்துல ஒருதரமாவது நான் ஓட்டற லாரி என் பேச்சைக் கேக்கட்டும்."

அந்த மோட்டாரின் டேங்கில் கம்பெனி ஊற்றியிருந்தது மான்டெர்ரேக்குள் நுழைகிற கடைசி நாளுக்கான டீசல் மட்டும். லாசரோ தன் லாரி ஓடுவதற்கான பெரிய டேங்கில் ரப்பர்க் குழாயை விட்டு, வாயால் உறிஞ்சி, கேன் கேனாக மாற்றினான். மலையேறி வீடு போகிற அளவுக்குக்கூட மிச்சம் வைத்தானா தெரியாது. டீசலைத் துப்பித் துப்பி அவன் உதடு வெந்துபோனது.

திறப்பு வழியாக வந்த குரல் இப்போது சண்டை போடவில்லை. "குளிருதுப்பா," என்றது. பிறகு, "கடிக்குது. கை வச்சேன். கடிக்குது."

லாசரோ தண்டைத் தூக்கிக் கதவைத் திறந்தான். வேர்வையில் நனைந்த சட்டை முதுகில் ஒட்டியிருக்க, இன்ஜினியர் பல் தந்தியடிக்க இறங்கினார். வெயிலில் நின்றதும் தைரியம் திரும்பி வந்தது.

"போலீஸைக் கூப்பிடறேன். இந்த எல்லையில நீ இனிமே லாரி ஓட்ட மாட்ட. உன் ஊரே ஓட்டாது!"

"கூப்பிடுங்க இன்ஜினியரே. நடந்ததை முழுசா எழுதிக் குடுங்க. கதவை நான் மூடினேன்னு எழுதுங்க. கோளாறான மோட்டாரு நீங்க உள்ள இருந்ததும் எப்படி ஓடுச்சுன்னும் எழுதுங்க. அத்தனை பேரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம்."

இன்ஜினியர் சுமை ஆட்களைப் பார்த்தார். அவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள், ஒருத்தரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். போலீஸ் வரவில்லை. அடுத்த வாரம் லோடு எடுக்க லாசரோவை யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவனும் உபால்தோவும் பெட்டிக்குள் ஏறி மண்டியிட்டு, தரையில் ஆளுக்கொரு கை வைத்தார்கள்.

"கடிக்குதா?"

"கடிக்குது."

சுமை ஆட்கள் முதல் பெட்டியைத் தூக்கினார்கள்.

ஊர் திரும்பும் வழியில், ஆற்றைத் தாண்டி, சமவெளியைக் கடந்து, சாலை மேலேறத் தொடங்குகிற இடத்தில் பெத்ரோனாவின் போன் வந்தது. லாசரோ லாரியை ஓரம் கட்டினான்.

"குடுத்தியா?"

"குடுத்தேன் அக்கா. குளிர் இருந்துச்சு. நானே கை வச்சேன்."

"அப்ப ஏன் குரல் இப்படி இருக்கு?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பொத்தானை, மான்டெர்ரேயை, உபால்தோ திருடன் இல்லை என்பதை, இன்ஜினியரை உள்ளே வைத்துப் பூட்டியதை. மோட்டார் ஓடத் தொடங்கிய இடத்துக்கு வந்ததும் ஸ்டியரிங்கில் ஓங்கி ஓர் அடி அடித்தான். "ஒரு ஆள் அக்கா. ஒரே ஒரு ஆள் உள்ள இருக்கான்னு சொன்னதும் அந்தப் பொண்ணு ஐயோன்னுட்டுப் போட்டுட்டா. அவ்வளவு சுலபமா இருந்துருக்கு."

பெத்ரோனாவுக்குப் பின்னால் வீட்டுக் கோழி கொக்கரிப்பது கேட்டது.

"சரி," என்றாள் கடைசியில். "அடுத்த லோடுல நான் வரேன். பட்டாணியோட பட்டாணியா பெட்டிக்குள்ள நான் உக்காந்துக்கறேன். ஒரு ஆள் உள்ள இருந்தாத்தானே அவங்களுக்குக் குளிர் போட மனசு வருது?"

"அக்கா, அது இன்ஜினியரு. மலைக்காரி உங்களை உள்ள வச்சா போடுவாங்கன்னு நினைக்கறீங்களா?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. அந்தப் பக்கம் பெத்ரோனாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். வாளியை வைக்கிற சத்தமும், அதில் தண்ணீர் விழுகிற சத்தமும், பிறகு அந்தப் பூசின கதவை ஆத்திரமாகத் தேய்க்கிற சத்தமும்தான் வந்தன. லாசரோ போனை வைக்காமல் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.